ஓங்கிய கைக்கும் விழுந்த அடிக்கும் நடுவே

அக்கா மகன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். ஓடிக்கொண்டிருந்த காட்சியை ஒரு ஃபிரேமில் நிறுத்தி வைத்திருந்தான். பெயின் என்கிற வில்லனின் முகம், ரப்பர் பொம்மையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த மாதிரி கோணலாக நீண்டிருந்தது.

"இதைப் போய் நல்ல சண்டைங்கறீங்களே மாமா?"

நருடோ ஷிப்புடென் என்ற ஜப்பானிய அனிமேஷன் (அனிமே) தொடரின் 167-வது எபிசோட் அது. 2010-ல் ஜப்பானில் ஒளிபரப்பானது. இயக்கியவர் அட்சுஷி வகபயாஷி. அனிமே ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்து எது சிறந்த சண்டை என்று பேச ஆரம்பித்தால் இந்த எபிசோட் வராமல் போகாது. ஒரு கட்சி இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். இன்னொரு கட்சி, "வரைய ஆள் கிடைக்கலையா?" என்று கேட்கும். மருமகன் இரண்டாவது கட்சி. 2019-ல் வந்த டீமன் ஸ்லேயரின் 19-வது எபிசோடுக்கு மேல் உலகத்தில் சண்டையே இல்லை என்பது அவன் முடிவு. நான் முதல் கட்சி.

"நிறுத்தாம ஓடவிட்டுப் பாருடா" என்றேன். "ஓடினாலும் அசிங்கம் அசிங்கம்தான்" என்றான். மேஜையில் அவனுடைய பழைய கணக்கு நோட்டு ஒன்று கிடந்தது. அது மட்டும் இல்லாவிட்டால் பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

நோட்டின் வலது ஓரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக 12 குச்சி மனிதர்களை வரையச் சொன்னேன். ஒருவன் குத்த வேண்டும், மற்றவன் விழ வேண்டும். நன்றாகத்தான் வரைந்தான். முதல் மூன்று பக்கத்தில் கை பின்னால் இருந்தது. அடுத்த ஆறு பக்கத்தில் ஒரே சீராக முன்னே வந்தது. கடைசி மூன்றில் எதிராளி சாய்ந்தான். கட்டை விரலால் விசிறிப் பார்த்தால் குத்தின மாதிரியே இல்லை. கல்யாண வீட்டில் மொய்க் கவர் நீட்டின மாதிரி இருந்தது. அந்த ஆறு பக்கத்தில் ஐந்தைக் கிழித்துப் போட்டேன். "ஐயோ மாமா!" என்றான். மறுபடி விசிறினோம். இந்தத் தடவை அடி விழுந்தது.

ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். பழகிய குத்துச்சண்டை வீரரின் கை வினாடிக்கு 8 முதல் 10 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. 9 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். சினிமாவும் அனிமேஷனும் வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் மாறுவதற்குள் அந்தக் கை 37 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். நெஞ்சருகே இருந்து எதிராளியின் தாடைவரை ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். ஆக, ஒரு குத்து பாய்வதைக் காட்ட இருப்பது ஒன்று அல்லது இரண்டு ஃபிரேம். அதிலும் டிவி அனிமேஷனில் பெரும்பாலும் ஒரே படத்தை இரண்டு அல்லது மூன்று ஃபிரேமுக்கு வைத்திருப்பார்கள். அப்போது குத்து பாய்வதற்கென்று ஒரு படம்கூட மிஞ்சாது. கை இங்கே இருக்கும். அடுத்த படத்தில் அங்கே இருக்கும். நாம் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்யும் அந்தக் குத்தை யாரும் வரைந்திருக்கவே மாட்டார்கள்.

இல்லாததை நாம் எப்படிப் பார்க்கிறோம்? விழித்திரையில் பிம்பம் கொஞ்ச நேரம் தங்குவதால் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது பாதி விளக்கம்கூட இல்லை. பிம்பம் தங்கினால் இரண்டு கை தெரிய வேண்டுமே தவிர, ஒரு கை நகர்வதாகத் தெரியக் கூடாது. 1912-ல் ஜெர்மன் உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமர் இரண்டு கோடுகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி மாற்றி மாற்றிக் காட்டினார். இடைவெளி 60 மில்லி வினாடி வாக்கில் இருந்தபோது, பார்த்தவர்களுக்கு ஒரே கோடு இங்கிருந்து அங்கே போவதாகத் தெரிந்தது. இடம் மாறியிருக்கிறது என்றால் நகர்ந்துதான் வந்திருக்க வேண்டும் என்று மூளை தானே முடிவு கட்டி, நகர்வையும் தானே போட்டுக்கொள்கிறது.

தாவல் மிகப் பெரியதாகிவிட்டால் மூளைக்கும் குழப்பம் வரும். இந்தக் கைதான் அந்தக் கையா என்று அதற்குப் பிடிபடாது. நிஜக் கேமராவுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஷட்டர் வழக்கமாக வினாடியில் 48-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும். அதற்குள் கை 19 சென்டிமீட்டர் போய்விடுவதால் படத்தில் ஒரு தீற்றலாக விழும். அந்தத் தீற்றல்தான் இரண்டு ஃபிரேமையும் ஒட்டும் பசை. பேனாவால் வரைந்த படத்தில் தீற்றல் தானாக வராது, ஆகவே அதையும் வரைகிறார்கள். கையை அல்வா மாதிரி இழுப்பார்கள், ஒரே ஆளுக்கு நாலு முழங்கை போடுவார்கள், முகத்தை வழித்துவிடுவார்கள். தொழிலில் இதற்கு ஸ்மியர் என்று பெயர். ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. 1942-லேயே அமெரிக்காவில் சக் ஜோன்ஸ் தன் குறும்படம் ஒன்றில் இதை வஞ்சனையில்லாமல் பயன்படுத்தியிருக்கிறார். மருமகன் நிறுத்திக் காட்டியதும் இந்த வகைப் படம்தான். 24-ல் ஒரு வினாடி மட்டும் தெரிவதற்காக வரைந்ததை நாள் முழுக்க உற்றுப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

தமிழில் அடிக்கு மூன்று வினைச்சொல் உண்டு. ஓங்குகிறோம், அடி விழுகிறது, எதிராளி வாங்குகிறான். அனிமேஷன் பள்ளிகளில் பாடமாக எடுப்பதை நம் பாட்டிமார் ஏற்கெனவே மூன்று சொல்லில் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். நடுவில் உள்ள 'விழுவதை' வரைய இடமே இல்லை என்று பார்த்தோம். அப்படியானால் கைவண்ணம் முழுவதும் ஓங்குவதிலும் வாங்குவதிலும்தான்.

ஓங்குவதற்குத் தாராளமாக நேரம் கொடுப்பார்கள். அரை வினாடி, அதாவது 12 ஃபிரேம் என்பது சாதாரணம். தோள் பின்னே போகும், இடுப்பு திரும்பும், பின்னங்கால் குதிகால் தரையில் அழுந்தும். இது அழகுக்காக மட்டும் இல்லை. எங்கிருந்து எங்கே வரப்போகிறது என்று பார்ப்பவரின் கண்ணை முன்கூட்டியே அந்த இடத்துக்கு அனுப்பி வைக்கும் வேலை அது. கண் அங்கே போய்க் காத்திருந்தால்தான் நடுவில் இல்லாத கையை மூளை நிரப்பும். எந்த நிலையை எத்தனை ஃபிரேம் வைப்பது என்பதை, ஜப்பானில் முக்கியப் படங்களை வரைபவரே டைம் ஷீட் என்ற நீளத் தாளில் குறித்துத் தருவார். முக்கியப் படத்துக்குக் கெங்கா, இடைப்படத்துக்குத் தோகா என்று பெயர். அசைவு அபாரமாக வரையப்பட்ட ஒரு காட்சியை ரசிகர்கள் 'சாகுகா' என்று மெச்சும்போது அந்தத் தாளில் உள்ள எண்களையும் சேர்த்தே மெச்சுகிறார்கள், பலருக்கு அது தெரியாவிட்டாலும்.

வாங்குவது இன்னும் சுவாரசியமானது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பர் மிஷோட் என்ற உளவியலாளர் 1946-ல் வெளியிட்ட ஆய்வுகளில் வெறும் வண்ணக் கட்டங்களை வைத்து ஒன்றைக் காட்டினார். ஒரு கட்டம் நகர்ந்து வந்து இன்னொன்றைத் தொட, அது உடனே நகர்ந்தால், 'இது அதைத் தள்ளியது' என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே நமக்குத் தெரிகிறது. தொட்டதற்கும் நகர்ந்ததற்கும் இடையே பத்தில் ஒரு வினாடியைத் தாண்டத் தாண்ட அந்த எண்ணம் நைந்துபோகிறது; ஐந்தில் ஒரு வினாடி வாக்கில் இரண்டும் சம்பந்தமில்லாத தனித்தனி நிகழ்ச்சிகள் ஆகிவிடுகின்றன.

இப்போது ஒரு நல்ல சண்டைக் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளிப் பாருங்கள். கை தாடையில் பட்ட நிலையில் இரண்டு, மூன்று, சில சமயம் நாலு ஃபிரேம் அப்படியே நிற்கும். வீடியோ கேமில் இதை ஹிட் ஸ்டாப் என்பார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடியவர்களுக்குக் கைவழியாகவே தெரியும். மூன்று ஃபிரேம் என்றால் 125 மில்லி வினாடி. மிஷோட்டின் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்கள். அடியின் கனத்தை உணர எவ்வளவு நேரம் கொடுக்க முடியுமோ அவ்வளவும் கொடுத்துவிட்டு, சங்கிலி அறுவதற்குள் எதிராளியைப் பறக்கவிடுகிறார்கள். அதற்கும் மேல் நிறுத்த வேண்டுமென்றால் படத்தை நடுங்கவிடுவார்கள், கன்னத்தில் அலை ஓடவிடுவார்கள். சங்கிலிக்கு அது ஒட்டுப் போட்ட மாதிரி என்பது என் ஊகம்.

சத்தத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வட்டங்கள் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று கடந்து போகும் காட்சியைச் சத்தமில்லாமல் காட்டினால், பெரும்பாலும் ஊடுருவிப் போனதாகவே தெரியும். சந்திக்கும் கணத்தில் 'டக்' என்று ஒரு ஒலி வைத்தால், மோதித் திரும்பியதாகப் பார்ப்பவர்கள் அதிகமாகிறார்கள். 1997-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது. காது சொல்வதைக் கேட்டுக்கொண்டு கண் தன் சாட்சியத்தை மாற்றிக்கொள்கிறது. நம் ஊர்ப் படங்களின் 'டிஷ்யூம்' காரணமில்லாமல் வரவில்லை.

சரி, கோணல் முகத்துக்கு வருவோம். 1973-ல் ஸ்வீடனில் குன்னர் யோஹான்சன் ஒரு மனிதரின் மூட்டுகளில் சின்ன விளக்குகளைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். நின்றால் வெறும் புள்ளிகள். அசைந்ததும், பத்துப் பன்னிரண்டு புள்ளிகளிலிருந்தே ஒரு ஆள் நடப்பது பளிச்சென்று தெரிந்தது. அவர் வழியில் வந்த ரூனெசன், ஃப்ரூக்ஹோல்ம் இருவரும் 1981-ல் ஒரு படி மேலே போனார்கள். விளக்குப் புள்ளிகள் கட்டிய ஆள் ஒரு பெட்டியைத் தூக்குவதைக் காட்டி, பெட்டி எத்தனை கனம் என்று கேட்டார்கள். பார்த்தவர்களால் நன்றாகவே மதிப்பிட முடிந்தது. முகம் இல்லை, தசை இல்லை. பளு மட்டும் தெரிகிறது. பளு இருப்பது உருவத்தில் இல்லை, மூட்டுகள் எந்த நேரத்தில் எவ்வளவு நகர்கின்றன என்பதில். 167-வது எபிசோடின் ஓவியர்கள் பந்தயம் கட்டியது இதன் மேல்தான். முகத்தை விட்டுக்கொடுத்து மூட்டுகளைக் காப்பாற்றினார்கள். நிலத்தையே பெயர்க்கிற சண்டையில் உடம்புகள் எறியப்படுவதும் இழுபடுவதும் எனக்கு நம்பும்படி இருக்கிறது. மருமகன் முகத்தைப் பார்க்கிறான், நான் இடுப்பைப் பார்க்கிறேன்.

அளவையும் நேரத்தால்தான் காட்ட முடியும். கல் ஒன்று ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழ அரை வினாடி ஆகும், 12 ஃபிரேம். 20 மீட்டரிலிருந்து விழ 2 வினாடி, 48 ஃபிரேம். மலை உடைகிறது என்று எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும், சிதறல் 12 ஃபிரேமில் தரையைத் தொட்டுவிட்டால் அது மண்பானை உடைந்ததுதான். யுடாகா நகமுரா என்ற ஓவியரின் சண்டைகளில் இடிபாடுகள் கனசதுரத் துண்டுகளாகச் சிதறும். ரசிகர்கள் அதற்கு அவர் பெயரை ஒட்டியே செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாமே கட்டிகளாக இருப்பதால் ஒவ்வொன்றும் சுழல்வதும் வேகம் குறைவதும் தெளிவாகத் தெரிகிறது.

படங்களின் எண்ணிக்கை கூடினால் சண்டை சிறக்கும் என்ற நம்பிக்கை மட்டும் சாகவே மாட்டேன் என்கிறது. 1963-ல் ஒசாமு தெசூகாவின் ஆஸ்ட்ரோ பாய் வாரம் ஒன்றாக வர வேண்டியிருந்தபோது, படங்களைக் குறைத்தே கதை சொல்லும் வழி ஜப்பானில் வேரூன்றியது. வறுமைக்குப் பிறந்த அந்தப் பழக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் ஆயுதமாக்கினார்கள். ஓங்கும்போது மூன்று ஃபிரேமுக்கு ஒரு படம், சீறும்போது ஃபிரேமுக்கு ஒன்று என்று ஒரே காட்சிக்குள் மாற்றி மாற்றி வைப்பார்கள். இதை மென்பொருளில் போட்டு வினாடிக்கு 60 ஃபிரேமாக்கி, 'வழவழ' பதிப்பு என்று ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நின்று அதிர வேண்டிய கை மெதுவாக மிதக்கிறது, ஸ்மியர் கூழாகிறது. நான் கிழித்த ஐந்து பக்கத்தையும் திருப்பி ஒட்டுகிற வேலை அது. மறுபடியும் மொய்க் கவர்.

டீமன் ஸ்லேயரின் 19-வது எபிசோட் வேறு வழியில் ஜெயிக்கிறது. அதைத் தயாரித்த யூஃபோடேபிள் ஸ்டூடியோவின் பலம் வரைந்த உருவங்களோடு கணினி வழிப் பின்னணியையும் ஒளியையும் குழைப்பதில் இருக்கிறது. தண்ணீராக ஓடிய வாள்வீச்சு நெருப்பாக மாறும் இடத்தில் நம்மைத் தாக்குவது நிறமும் பாட்டும். அதில் அடியின் பளு எனக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் படுகிறது. இதைச் சொன்னபோது மருமகன் என்னோடு ஒரு மணி நேரம் பேசவில்லை.

ஒளி என்றதும் இன்னொன்று. அடி விழும் கணத்தில் ஒன்றிரண்டு ஃபிரேமுக்குப் படம் கறுப்பு வெள்ளையாகவோ நிறம் தலைகீழாகவோ மாறிப் பளீரிடும். இம்பாக்ட் ஃபிரேம் என்பார்கள். கண்ணுக்கு ஒரு அறை. ஆனால் இதை அளவில்லாமல் வைக்க முடியாது. 1997 டிசம்பர் 16-ல் ஜப்பானில் ஒளிபரப்பான போகிமான் எபிசோட் ஒன்றில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு 12 தடவை மாறி மாறி மின்னின. வலிப்பு, தலைசுற்றல், வாந்தி என்று ஏறத்தாழ 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மின்னலுக்கு ஏற்ப மூளையின் பார்வைப் பகுதி நரம்புகள் மொத்தமாக ஒரே தாளத்தில் துடிக்க ஆரம்பித்தால், அதற்கு உள்ளாகும் தன்மை உள்ளவர்களுக்கு வலிப்பு வரும். அடர்ந்த சிவப்பு அதை இன்னும் தூண்டும். அதன் பிறகு ஜப்பானில் விதிமுறைகள் இறுகின.

அதனால் இன்றைக்கும் டிவியில் வரும் சண்டைக் காட்சிகள் பல, உச்சத்தில் திடீரென்று மங்கும். ஒரு படத்தின் நிழல் அடுத்த படத்தின் மேல் படிந்து கிடக்கும். பிறகு ப்ளூ-ரே டிஸ்க்காக வரும்போது பல தொடர்களில் அந்த மங்கலை எடுத்துவிடுகிறார்கள். டிவி பதிவைப் பார்த்த ஒருவரும் டிஸ்க்கைப் பார்த்த ஒருவரும் ஒரே சண்டையைப் பற்றி இரவெல்லாம் வாதாடலாம். ஒருவர் பார்த்த ஃபிரேமை மற்றவர் பார்த்திருக்கவே மாட்டார்.