எல்லை ஊர்ப் பிள்ளைகளின் மனநலச் சிகிச்சை: தமிழிலேயே கேட்கலாம்

கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட் லயங்களிலும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பாலக்காடு மாவட்டச் சித்தூர்ப் பக்கத்திலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தெரிந்த மலையாளத்தில் சமாளித்துவிடலாம். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, பள்ளிக்கூடம் போகவே பயமாக இருக்கிறது என்பதை அப்படிச் சொல்லிவிட முடியாது. அதனால் பக்கத்து வீட்டு அண்ணனையோ தங்கையையோ கூட்டிப்போய் மொழிபெயர்க்கச் சொல்கிறோம். அவர்கள் முன்னால் பிள்ளை உள்ளதைச் சொல்லுமா?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. நோய் என்ன, என்ன சிகிச்சை, மருந்தின் பக்கவிளைவு என்ன என்பதையெல்லாம் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது அதன் 22-ஆம் பிரிவு. ஆகவே தமிழ் தெரிந்த டாக்டரோ நர்ஸோ இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். 23-ஆம் பிரிவின்படி நோயாளி பற்றிய விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். அக்கம்பக்கத்தாரை வைத்துப் பேச வைப்பதில் அந்தப் பாதுகாப்பு நம் கையாலேயே போய்விடுகிறது.

மதம், பண்பாடு, சாதி, வர்க்கம் எதைக் காட்டியும் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்பது 18-ஆம் பிரிவு. பாலக்காடு மாவட்ட மலைப்பகுதியான அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் இதே உரிமைதான். தமிழும் மலையாளமும் இரண்டுமே அவர்கள் வீட்டு மொழி இல்லை என்பதைத் தமிழர்களாகிய நாமும் மறந்துவிடக் கூடாது.

மனநலச் சிகிச்சைக்காக யாரையும் வெகுதூரம் அலைய விடக் கூடாது என்றும் அதே 18-ஆம் பிரிவு சொல்கிறது. மலையிறங்கி ஏறுவதிலேயே ஒரு நாள் கூலி போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். கேரள அரசின் மூன்று மனநல மையங்கள் திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோட்டில் இருக்கின்றன. எடுத்த எடுப்பில் அங்கே ஓட வேண்டியதில்லை. 14 மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. அதன் குழு குறிப்பிட்ட நாட்களில் உள்ளூர் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வந்து கிளினிக் நடத்துகிறது. உங்கள் பகுதிக்கு எந்த நாள் என்று ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா ஊழியரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, செலவு? வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை இலவசம். அதற்கான கார்டு கையில் இல்லாவிட்டாலும் உரிமை போகாது. ரேஷன் கார்டைத் தமிழ்நாட்டு ஊரிலேயே விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளைச் சமூக சுகாதார மையம் முதல் மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் காசில்லாமல் தர வேண்டும்.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சேர்த்துச் சிகிச்சை தர வேண்டி வந்தால், பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது. பெற்றோரோ பொறுப்பான துணையோ முழு நேரமும் கூடவே தங்க வேண்டும். பெண் பிள்ளை என்றால், பொறுப்பாளர் ஆணாக இருக்கும் பட்சத்தில், அவர் ஒரு பெண் துணையை ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். பெரும்பாலான பெற்றோரைப் பயமுறுத்துவது இந்த அட்மிஷன்தான். ஆனால் பல பிள்ளைகளுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் ஓ.பி.யில் வந்து பார்த்துப்போவதுமே போதும்.

ஆஸ்பத்திரி வரை போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்ற இந்தச் சேவை 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு. மொழிகளில் தமிழும் இருக்கிறது. பிள்ளை தானே பேச விரும்பினால் போனைக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சிகிச்சையில் குறை இருந்தால் முதலில் அந்த மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவரிடம் புகார் தரலாம். அங்கே தீராவிட்டால் அடுத்து மனநல ஆய்வு வாரியம், அப்புறம் மாநில மனநல ஆணையம். சட்ட உதவி இலவசம், அதற்கான எண் 15100. கேரளத்தின் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும் தமிழிலேயே மனு எழுதலாம். பதிலும் தமிழிலேயே வர வேண்டும்.