கடைசி ஸ்லைடில் மரக்கன்று

போன வாரம் எம்.பி.ஏ. புராஜெக்ட் வைவா. மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், செலவைக் குறைப்பது பற்றி ஒரு மாணவர் செய்திருந்தார். எட்டாவது ஸ்லைடில் அவர் யோசனை: 34 பேர் வேலை செய்யும் இடத்தை இரண்டு பெயரில் பதிந்துவிட்டால் ஒவ்வொன்றிலும் 20 பேருக்குக் கீழே, பி.எஃப். கட்ட வேண்டாம். கையுறையையும் நிறுத்தலாமாம். "அண்டி ஓட்டு எண்ணெய் கையில படாம இருக்க அவங்க எப்படியும் சாம்பல் தொட்டுத்தானே உடைக்கிறாங்க, சார்?" கடைசி ஸ்லைடில் நிறுவனச் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.): 100 மரக்கன்று.

இந்தப் பருவத்தில் இது நான்காவது. மற்ற மூன்றில் நோட்டுப் புத்தகமும் ரத்ததான முகாமும்.

சி.எஸ்.ஆர். செய்தால் அறம் முடிந்தது என்று இவர்களுக்கு யார் சொன்னது? வாத்தியார்கள் நாங்கள்தான், வேறு யார்! 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி நிகர மதிப்போ 1000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனிகளுக்கானது. மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். வந்த லாபத்தைச் செலவழிக்கும் கணக்கு அது. லாபம் எப்படி வந்தது என்று அது கேட்பதில்லை. நம் அண்டி ஆபீஸுக்கு அது பொருந்தவே பொருந்தாது. பொருந்தினாலும், சொந்தத் தொழிலாளிக்குச் செய்வது சி.எஸ்.ஆரில் சேராது என்று விதியே இருக்கிறது. பி.எஃப்., கையுறை எல்லாம் ஏற்கெனவே கொடுக்க வேண்டிய கடன்.

108 ஆம்புலன்ஸ் சேவையை 2005இல் ஹைதராபாத்தில் தொடங்கியவர் சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் நிறுவனர் ராமலிங்க ராஜு. எத்தனை உயிரைக் காப்பாற்றிய வண்டி! 2009 ஜனவரி 7 அன்று, கம்பெனிக் கணக்கைப் பல ஆண்டுகள் பொய்யாகக் காட்டினேன் என்று கடிதம் எழுதியவரும் அவரே. "அப்போ அவர் நல்லவரா, கெட்டவரா சார்?" என்கிறார்கள். அதற்கு 2 மார்க் விடை என்னிடம் இல்லை.

மக்களே, புராஜெக்டுக்குப் போனால் முதலாளியின் ஏசி அறையிலேயே இருந்துவிட்டு வராதீர்கள். ஒரு காலைப்பொழுது அண்டி உடைக்கும் அக்காமார் பக்கத்தில் உட்காருங்கள். அண்டி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் அவர்கள் விரலை என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் கையுறைச் செலவை வெட்டலாம், மனசு வந்தால்.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அறத்தை ஐந்தாவது யூனிட்டில் தள்ளி, தேர்வுக்கு முந்தின வாரம் ஜெராக்ஸ் கொடுத்து முடிக்காதீர்கள். காஸ்டிங் (செலவுக் கணக்கு) வகுப்பிலேயே, குறைகிற ரூபாய் யார் மடியிலிருந்து போகிறது என்று கேட்டுவிடுங்கள்.

அந்த மாணவரிடம் திருத்திக் கொண்டுவரச் சொன்னேன். நேற்று வந்தார். மரக்கன்று ஸ்லைடைக் காணோம். எட்டாவது அப்படியே இருந்தது.