நிறுவற்கலையும் நடுகையும்: ஒரு சொல் விளக்கம்

'இன்ஸ்டலேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் மத்தியகால இலத்தீன். அதில் 'ஸ்டலும்' என்றால் இருக்கை. குருவானவரை அவரது பதவிக்குரிய இருக்கையில் அமர்த்தும் சடங்கையே இச்சொல் முதலில் குறித்தது. பிறகு இயந்திரம் பொருத்துவதற்கும், 1960களுக்குப் பின் ஒரு கலைவகைக்கும் பெயராயிற்று. பீடத்தில் நிற்கும் சிலையை வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் இக்கலையில் இடமும் படைப்பைச் சேர்ந்தது.

இதைத் 'தாபனக் கலை' என்றோ 'நிறுவனக் கலை' என்றோ சொன்னால் நமக்கு அலுவலகம்தான் நினைவுக்கு வரும். 'நிறுவற்கலை' என்பதே நல்ல தமிழ். நிறுவுதல் என்றால் நிலைபெறச் செய்தல்.

உயிருள்ள செடிகளால் ஆகும் படைப்புக்கு அதுவும் போதாது என்பது என் எண்ணம். செடி வேர்விட வேண்டும், வளர வேண்டும். அதற்கு 'நடு' என்ற வினை இருக்கிறது. கன்றையும் நடுகிறோம், வீரனுக்கு எழுப்பிய கல்லும் நடுகல்தான். ஜெர்மனியின் காசெல் நகரில் கலைஞர் ஜோசப் பாய்ஸ் 1982இல் தொடங்கிய படைப்பில் இரண்டு நடுதலும் சேர்ந்தே நடந்தன. 7000 மரக்கன்றுகள், ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எரிமலைக் கல். மரம் உயர உயரக் கல் சிறுத்துத் தெரியும். பாய்ஸ் 1986இல் மறைந்தார். கடைசி மரம் அடுத்த ஆண்டு நடப்பட்டது. அதே 1982இல் கலைஞர் அக்னஸ் டீனஸ் நியூயோர்க்கின் மன்ஹாட்டனில் இரண்டு ஏக்கரில் கோதுமை விதைத்தார்.

மரநடுகை, மீள்நடுகை என்ற சொற்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் நாளாந்தம் புழங்குகின்றன. எனவே இவ்வகைப் படைப்பை 'நடுகை நிறுவல்' எனலாம். ஹட்டனில் ஒரு பஸ் தரிப்பிடத்தின் நடுவே தேயிலைக் கன்றை நட்டு, கவ்வாத்து வெட்டாமல் (கிளைகளைக் கத்தரிக்காமல்), கொழுந்து பறிக்காமல் விட்டால் அது மரமாகவே வளரும். இடுப்பளவுச் செடியாகவே தேயிலையைப் பார்த்துப் பழகிய தொழிலாளர், பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் அதை அண்ணாந்து பார்ப்பார். நடுகை நிறுவல் என்று நான் சொல்வது இதைத்தான்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் பழைய தகரப் பேணிகளில் பூக்கும் செடிகளை இப்பெயரால் அழைக்க மாட்டேன். அவற்றின் அழகு குறைந்ததல்ல. ஆனால் அது வீட்டாரின் தோட்டம், அந்தப் பெயரே அதற்குப் பொருந்தும். படைப்பை 'நிறுவல்' என்றும், படைப்பவரை 'நிறுவற்கலைஞர்' என்றும் எழுதலாம்.