துடிப்பு மின்னாற்பகுப்பு: சொல்லும் பொருளும்

கார்பன் டைஆக்சைடை மின்சாரத்தால் எத்திலீனாகவோ எத்தனாலாகவோ மாற்றும் ஆய்வுகளைப் படிப்பவர்கள் 'பல்ஸ்டு எலக்ட்ராலிசிஸ்' என்ற தொடரை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். தமிழில் துடிப்பு மின்னாற்பகுப்பு. மின்பகுப்புக் கலனுக்கு ஒரே மின்னழுத்தத்தை விடாமல் கொடுக்காமல், இரண்டு அளவுகளை மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் இது. ஒரு விநாடி ஓர் அழுத்தம், அடுத்த விநாடி இன்னொன்று, மறுபடி முதலாவது என்று மணிக்கணக்கில் ஓடும். சில ஆய்வுகளில் மில்லி விநாடிகளிலேயே மாறும்.

வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது விநாடிக்கு 50 முறை, இரு பக்கமும் சமமாக, அலையாக ஏறி இறங்குவது. துடிப்பில் ஒவ்வொரு படியின் உயரத்தையும் நேரத்தையும் ஆய்வாளர் தனித்தனியாக வைக்கிறார். அதனால் 'அலை மின்னாற்பகுப்பு' என்று எழுதுவது தவறான பொருளைத் தரும்.

சொல் எங்கிருந்து வந்தது? எலக்ட்ராலிசிஸ் என்ற சொல்லை மைக்கேல் ஃபாரடே 1834-இல் அறிவியலுக்குள் கொண்டுவந்தார். முன்பாதி அம்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல், பின்பாதி 'அவிழ்த்தல், பிரித்தல்'. நம் மின் + ஆல் + பகுப்பு அதைவிடத் தெளிவாகவே சொல்கிறது. பல்ஸ் என்பது லத்தீனிலிருந்து வந்தது. தள்ளுதல், அடித்தல் என்ற வினையிலிருந்து பிறந்து, முதலில் நாடி அடிப்பதைக் குறித்து, பிறகு மின்னியலுக்குள் நுழைந்தது. தமிழிலும் துடிப்பு அதே வழியில்தான் வந்திருக்கிறது: நாடித்துடிப்பு, இதயத்துடிப்பு, அப்புறம் மின்துடிப்பு. அடித்து முழக்கும் சிறு பறைக்கே துடி என்று பெயர், அதை அடிப்பவரைச் சங்கப் பாடல்கள் துடியன் என்கின்றன. அடி, இடைவெளி, அடி என்ற உணர்வு இந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதையும் ஏற்ற வேண்டியதில்லை.

சரி, ஏன் துடிக்கவிட வேண்டும்? ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரியும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், செம்பு மின்வாயில் கார்பன் டைஆக்சைடு மீத்தேன் போன்ற ஹைட்ரோகார்பன்களாக மாறுவதைக் காட்டினார்கள். ஆனால் செம்பு சீக்கிரமே சோர்ந்துவிடுகிறது. பரப்பில் அழுக்குப் படிகிறது, மீத்தேனும் எத்திலீனும் குறைந்து வெறும் ஹைட்ரஜன் அதிகமாகிறது. நடுநடுவே அழுத்தத்தை நேர்மின் பக்கம் திருப்பினால் பரப்பு புத்துயிர் பெறும் என்பதை 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்களே செய்துகாட்டினார்கள்.

ஒரு துடிப்பின்போது செம்புக்கு மிக அருகில் நடப்பதைப் பாருங்கள். எதிர்மின் படியில் கார்பன் டைஆக்சைடு எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. ஒரு எத்திலீன் மூலக்கூறு உருவாக 12 எலக்ட்ரான்கள் வேண்டும். அந்த வேலையிலேயே ஹைட்ராக்சைடு அயனிகள் பிறந்து, பக்கத்திலிருக்கும் கார்பன் டைஆக்சைடைப் பிடித்து பைகார்பனேட்டாகவும் கார்பனேட்டாகவும் மாற்றிவிடுகின்றன, அதாவது வினைக்கு வேண்டிய மூலப்பொருளையே வினையின் கூட்டாளி தின்றுவிடுகிறது. அழுத்தம் தளரும் படியில் ஹைட்ராக்சைடு கலைந்து போகிறது, புதிய கார்பன் டைஆக்சைடு ஊடுருவி வந்து சேர்கிறது. அடுத்த எதிர்மின் படி தொடங்கும்போது மூலப்பொருள் தயாராக நிற்கும். நேர்மின் பக்கம் நன்றாகவே போனால் செம்பின் மேல் மெல்லிய ஆக்சைடு உருவாகிறது, பரப்பும் சொரசொரப்பாகிறது. பெர்லினில் உள்ள ஃபிரிட்ஸ் ஹாபர் நிறுவன ஆய்வாளர்கள் 2020-இல் இப்படித்தான் எத்தனாலின் பங்கைக் கூட்டிக் காட்டினார்கள். 2021-இல் டொராண்டோ பல்கலைக்கழகக் குழு வேறொரு தொல்லைக்கு இதே வழியைக் கையாண்டது: எதிர்மின்வாயின் நுண்துளைகளைக் கார்பனேட் உப்பு அடைத்துவிடாதபடி அவ்வப்போது அழுத்தத்தைக் குறைத்தார்கள்.

தமிழ்ப் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்கக் கூடாது. 'துடிப்பு மின்னொடுக்கம்' என்று வைக்கலாமே என்று தோன்றும், ஏனென்றால் கார்பன் டைஆக்சைடு ஒடுக்கப்படுகிறது (எலக்ட்ரான்களைப் பெறுகிறது), பல விளைபொருள்கள் அதைவிடப் பெரிய மூலக்கூறுகள், 'பகுப்பு' பொருந்தாதது போலவும் இருக்கும். ஆனால் ஒடுக்கம் பாதி நேரத்துக்கு மட்டுமே பெயர். நேர்மின் படியில் செம்பு ஆக்சிஜனேற்றம் அடைகிறது (எலக்ட்ரான்களை இழக்கிறது), நேர்மின் பக்கம் போகும் துடிப்புகளுக்கு அதுதான் உயிர். முழுச் செயலையும் தழுவும் பெயராக மின்னாற்பகுப்பே இருக்கட்டும். 'விட்டுவிட்டு மின்னாற்பகுப்பு' என்றால் மின்சாரம் நின்று நின்று வருவதாகத்தான் புரியும், அழுத்தம் திசை திரும்புவது அதில் வராது.

இலங்கைப் பாடநூல் வழக்கில் எழுதுவோர் துடிப்பு மின்பகுப்பு என்று எழுதலாம், அங்கே ஒடுக்கம் தாழ்த்தல், ஆக்சிஜனேற்றம் ஒட்சியேற்றம். உடன் வரும் சொற்களும் எளிதாகவே அமைகின்றன: எதிர்த்துடிப்பு, நேர்த்துடிப்பு, துடிப்புக் காலம். கட்டுப்படுத்துவது அழுத்தத்தையா ஓட்டத்தையா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், துடிப்பு மின்னழுத்தமும் துடிப்பு மின்னோட்டமும் ஒன்றல்ல. விளைபொருள் கணக்கைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மின்வாய்ப் பரப்பை மின்னேற்றவே கொஞ்சம் மின்னோட்டம் செலவாகிறது, அதிலிருந்து எந்த விளைபொருளும் வராது. துடிப்பு வேகமாக வேகமாக இந்தச் செலவு கூடும். நேர்த்துடிப்பு அளவுக்கு மீறினால் செம்பே கரையத் தொடங்கும்.