ட்ரான்ஸ்கல்ச்சுரல் நர்சிங்: இதுக்கு சரியான தமிழ் என்ன?

நர்சிங் தியரி படிச்சவங்களுக்கு லைனிங்கர்ங்கிற பேரு ஞாபகம் இருக்கும், இந்தத் துறையை உருவாக்கின அமெரிக்க நர்ஸ் அவங்க, கூடவே ட்ரான்ஸ்கல்ச்சுரல் நர்சிங்ங்கிற இந்த வார்த்தையும். பரீட்சையில டெஃபினிஷன் எழுதிட்டு விட்டுடுறோம், ஆனா வார்டுல தினமும் கண்ணு முன்னாடி நடக்கிற விஷயம் இது. நோயாளி எந்த மாதிரி வளர்ப்புலேர்ந்து வந்திருக்காங்க, அவங்க வீட்ல எதை நோய்னு சொல்றாங்க, எப்படி பார்த்துக்கிட்டா நல்லா கவனிக்கிறாங்கன்னு நினைப்பாங்க, இதையெல்லாம் கேட்டு தெரிஞ்சுக்கிட்டு அதுக்கு ஏத்தபடி பராமரிக்கிறதும், அதை முறையா ஆராய்ச்சி பண்றதும்தான் ட்ரான்ஸ்கல்ச்சுரல் நர்சிங்.

வார்த்தையை பிரிச்சுப் பார்ப்போம். ட்ரான்ஸ்னா லத்தீன்ல குறுக்கே, அந்தப் பக்கம். கல்ச்சர் நிலத்தை உழுது பயிர் வளர்க்கிறதுலேர்ந்து வந்தது. நர்ஸ்ங்கிறதுக்கு மூலம் ஊட்டி வளர்க்கிறதுங்கிற லத்தீன் சொல்லு, அடுத்தவங்க குழந்தைக்கு பால் கொடுத்து வளர்த்தவளைத்தான் முதல்ல அப்படி சொன்னாங்க. நம்ம செவிலியும் அதே மாதிரிதான், சங்கப் பாட்டுல தலைவியைப் பெத்தவ நற்றாய், கூடவே இருந்து வளர்க்கிறவ செவிலித்தாய். ரெண்டு பக்கமும் பிள்ளையை வளர்த்தவ பேருதான் நோயாளியைப் பார்த்துக்கிறவங்களுக்கு வந்து சேர்ந்திருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒற்றுமை இது.

மேடலின் லைனிங்கர் அமெரிக்கால நெப்ராஸ்கா மாநிலத்துல 1925ல பிறந்தவங்க. 1950கள்ல மனநல நர்ஸா குழந்தைங்களோட வேலை பார்த்தப்போ, சாப்பாடு, தூக்கம், அழுகைன்னு எல்லாத்துலயும் ஒவ்வொரு சமூகத்துப் பிள்ளையும் ஒவ்வொரு விதமா ஆறுதல் தேடுதுன்னு கவனிச்சாங்க, தான் படிச்ச படிப்புல இதுக்கு பதில் இல்லைன்னு மானுடவியல் பக்கம் போனாங்க. பாப்புவா நியூ கினி மலைப்பகுதியில காட்சப் (Gadsup)ங்கிற மக்களோட போய் தங்கி ஆராய்ச்சி பண்ணி 1965ல டாக்டரேட் வாங்கினாங்க. 1974ல இந்தத் துறைக்குன்னு ஒரு சங்கமும் தொடங்கினாங்க. அவங்க உருவாக்கின ஆராய்ச்சி முறைக்கு எத்னோநர்சிங்னு பேரு. ஃபார்ம் கொடுத்து டிக் அடிக்க சொல்ற முறை இல்ல இது, அந்த மக்களோட பழகி அவங்க பார்வையில பராமரிப்புன்னா என்னன்னு அவங்க வார்த்தையிலயே கேக்கிறது.

ஆசிய சமூகங்கள்ல இது எவ்வளவு தூரம் போகும்னு பாருங்க. வியட்நாம்காரங்க வீட்ல காய்ச்சல், சளின்னா காவ் ஸோன்னு ஒண்ணு பண்ணுவாங்க, காத்தை சுரண்டி எடுக்கிறதுன்னு அர்த்தம். முதுகுல தைலம் தடவி காசோட விளிம்பால கீழ்நோக்கி தேய்ப்பாங்க, சிவப்பா கோடு கோடா வரும், ரெண்டு மூணு நாள்ல மறைஞ்சிடும். 1975க்கு அப்புறம் அகதிகளா அமெரிக்கா போன குடும்பங்கள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனப்போ, அந்தக் கோட்டைப் பார்த்துட்டு பெத்தவங்க அடிச்சிருக்காங்கன்னு சந்தேகப்பட்டது நடந்திருக்கு, 1970கள்லயே மருத்துவ இதழ்கள்ல இதைப் பத்தி எச்சரிச்சு எழுதியிருக்காங்க. பிள்ளைக்கு சரியாகணும்னு கைவைத்தியம் பண்ணின அம்மாவை குற்றவாளி மாதிரி நிக்க வச்சா அவ அடுத்த தடவை ஆஸ்பத்திரி வாசல் மிதிப்பாளா? இது என்ன கோடும்மா, எதுக்கு பண்ணீங்கன்னு பொறுமையா ஒரு கேள்வி கேட்டிருந்தாலே போதும்.

பிரசவம்தான் இதுல அதிகமா ஆராய்ச்சி நடந்த இடம்னு சொல்லலாம். சீனக் குடும்பங்கள்ல பிள்ளை பெத்தவ ஒரு மாசம் வீட்டோட இருக்கணும், மாசம் உக்கார்றதுன்னு அதுக்கு பேரு. பச்சைத்தண்ணி குடிக்கக்கூடாது, காத்து படக்கூடாது, தலைக்கு குளிக்கக்கூடாது. கொரியால கடல்பாசி சூப், நாள்கணக்கு 21. நமக்கு பிரசவ லேகியம், பூண்டு, பத்தியம்னு இருக்கிறதால இது சட்டுனு புரியும், ஆனா பிரசவம் முடிஞ்ச கையோட ஐஸ் தண்ணி கொடுத்து எழுந்து குளிங்கன்னு சொல்ற ஊர்ல நர்ஸுக்கு இந்தப் பொண்ணு ஏன் எதையும் தொட மாட்டேங்குறான்னே புரியாது, ஒத்துழைக்கலன்னு எழுதி வச்சிடுவாங்க.

லைனிங்கர் இதுக்கு மூணு வழி சொல்றாங்க. நல்லதை அப்படியே காப்பாத்துறது, நடுவுல ஒரு வழி பேசி முடிக்கிறது, கெடுதல்னா மாத்த உதவுறது. சுடுதண்ணியும் சூப்பும் முதல் வகை, கேட்டதை கொடுத்துட்டு போகலாம். குளிக்க மாட்டேன்னா வெதுவெதுப்பான தண்ணியில துடைச்சு விடலாம், தையல் போட்ட இடம் சுத்தமா இருக்கும், அவங்க வழக்கமும் உடையாது. மூணாவது வழிக்கு நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு, சேனை தொட்டு வைக்கிறது. பெரியவங்க யாராவது சர்க்கரைத்தண்ணியோ தேனோ பிறந்த குழந்தை நாக்குல வைப்பாங்க, வச்சவங்க குணம் பிள்ளைக்கு வரும்னு நம்பிக்கை. முதல் 6 மாசம் தாய்ப்பால் மட்டும்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 1 வயசுக்குள்ள தேன் கொடுத்தா பாட்டுலிசம்ங்கிற ஆபத்தான நோய் வரலாம். அதுக்காக பாட்டியை வார்டை விட்டு விரட்டினா வீட்டுக்குப் போய் கொடுப்பாங்க. அந்த நம்பிக்கையோட உயிரு பெரியவங்க ஆசி பிள்ளைக்கு வரணும்ங்கிறதுதானே, பாட்டி மடியில முதல்ல பிள்ளையைக் கொடுங்க, காதுல பேரு சொல்ல சொல்லுங்க, தேன் ஏன் வேண்டாம்னு அவங்ககிட்டயே மரியாதையா சொல்லுங்க.

ஒரு ஆபத்தும் இருக்கு. ஆசியர்கள் இப்படித்தான்னு லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்றது. ஆசியன்னு சொன்னா பிரிட்டன்ல பெரும்பாலும் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆளுங்களை நினைப்பாங்க, அமெரிக்கால சீனா, கொரியா, வியட்நாம் முகம்தான் முதல்ல ஞாபகம் வரும், அப்போ ஆசிய நோயாளிகள் வலியை வெளியில சொல்ல மாட்டாங்கன்னு பாடத்துல எழுதினா அது யாரைப் பத்தினது? நியூசிலாந்துல மவோரிங்கிற பூர்வகுடியைச் சேர்ந்த நர்ஸ் இரிஹாப்பெட்டி ராம்ஸ்டன் கல்ச்சுரல் சேஃப்டின்னு தனிக்கருத்தே கொண்டு வந்தாங்க. பராமரிப்பு பாதுகாப்பா இருந்துச்சான்னு சொல்ல வேண்டியது நோயாளிதான், நர்ஸ் முதல்ல தன்னோட பண்பாட்டையும் தன் கையில இருக்கிற அதிகாரத்தையும் பார்க்கணும்னாங்க. லிஸ்ட்டை விட இதுதான் எனக்கு நியாயமா படுது.

இப்போ தமிழ். நேரா பெயர்த்தா பண்பாடு கடந்த செவிலியம்னு வரும், அது தப்பான அர்த்தம் கொடுக்குது. சாதி கடந்து, மதம் கடந்துன்னு நாம சொல்றப்போ அதை கணக்குல எடுக்காம விடுறதைத்தான் சொல்றோம், இங்க சொல்ல வர்றது நேர் எதிர். குறுக்குப் பண்பாட்டு செவிலியம்னா வாய்க்கும் ஒட்டல, மனசுக்கும் ஒட்டல. பண்பாட்டிடைச் செவிலியம் இலக்கணமா சரி, ரெண்டு பண்பாட்டை ஒப்பிடுற ஆராய்ச்சிக்கு அதை வச்சுக்கலாம்.

என் தேர்வு பண்பாடறி செவிலியம். பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்னு கலித்தொகை சொல்லுதே, அறிஞ்சு அதுக்கேத்தபடி நடக்கிறது, அதேதான் இங்கயும் வேலை. பேச்சுல சொல்லணும்னா பண்பாடு அறிந்த பராமரிப்புன்னு சொன்னாலே நோயாளிக்கும் புரியும். கல்ச்சுரல் சேஃப்டிக்கு பண்பாட்டுப் பாதுகாப்புன்னு போட்டா கலைப்பொருளைக் காப்பாத்துற மாதிரி கேக்குது, அதனால பண்பாட்டு வழிப் பாதுகாப்புன்னு எழுதலாம். இலங்கையிலயும் சிங்கப்பூர்லயும் நர்ஸை தாதின்னு சொல்றதால அங்க உள்ளவங்க பண்பாடறி தாதியம்னு எழுதிக்கலாம், அதுவும் சரிதான்.