கசப்பது நாக்குக்கு, வேலை வேறிடத்தில்

மருந்துவாழ்மலை ஏறும் வழியில், பொற்றையடி தாண்டிப் பாறை நிழலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி நின்றது. நான்கு பட்டைத் தண்டு, மிளகாய் இலை போன்ற இலை, வெள்ளைப் பூவில் ஊதாக் கீற்று. நிலவேம்பு. சிறியாநங்கை என்றும் சொல்வார்கள், கேரளப் பக்கம் கிரியாத்து. அரை இலையைத்தான் மென்றேன். பஸ் ஏறி நாகர்கோவிலில் இறங்கி, டீ குடித்த பிறகும் கசப்பு போகவில்லை.

இத்தனை கசப்புக்கும் முக்கியக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற மூலக்கூறு. கார்பன் 20, ஹைட்ரஜன் 30, ஆக்சிஜன் 5. நம் நாக்கில் இனிப்பை அறிய ஒரே வகை ஏற்பிதான் (சுவை மூலக்கூறு வந்து ஒட்டும் புரதம்), கசப்புக்கோ சுமார் 25 வகை. செடிகளின் விஷம் பெரும்பாலும் கசக்கும் என்பதால் இத்தனை காவல்காரர்கள். இந்த மூலக்கூறு அவற்றில் சிலவற்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான் கசப்பு. பாம்பு கடித்தவரிடம் இந்த இலையைக் கொடுத்துக் 'கசக்கிறதா' என்று கேட்டு விஷம் ஏறியதா என்று பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கட்டுவிரியன் விஷம் தாக்குவது நரம்பும் தசையும் சேரும் இடத்தை, நாக்கின் ஏற்பியை அல்ல. இலை கசந்தாலும் கசக்காவிட்டாலும் வண்டியைப் பிடித்து நேரே ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

சரி, மருந்து எங்கே? மூலக்கூறின் ஒரு முனையில் லாக்டோன் என்ற, கார்பனும் ஆக்சிஜனும் கோத்த வளையம் ஒன்று இருக்கிறது. செல்லுக்குள் அழற்சியை, அதாவது வீக்கம், சூடு, வலியைத் தூண்டும் மரபணுக்களை முடுக்கிவிடும் என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தின் கந்தக அணு ஒன்றை அந்த முனை கொக்கி போல் பற்றிக்கொள்ள, புரதம் டி.என்.ஏ.வில் ஒட்ட முடியாமல் போகிறது. இது ஆய்வகச் செல்களில் கண்டது. சளி, தொண்டை வலியில் நிலவேம்பு கொஞ்சம் ஆறுதல் தருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கிருமியை அடித்துக் கொல்கிறது என்பதைவிட, உடம்பு போடும் கூச்சலைக் குறைக்கிறது என்றே நான் சொல்வேன்.

ஒரு சிக்கல், இந்த மூலக்கூறு தண்ணீரில் எளிதில் கரையாது. வெறுமனே ஊறப்போட்டால் போதாது, கொதித்து வற்ற வேண்டும். டெங்கு காலத்தில் ஊர் ஊராகக் கொடுத்த நிலவேம்புக் குடிநீரில் சுக்கு, மிளகு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு என்று மொத்தம் 9 சரக்கு.

கர்ப்பிணிகள் இதைத் தொட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. மற்றவர்கள் குடித்துவிட்டுக் கருப்பட்டியைக் கடித்துக்கொள்ளலாம். எங்கள் ஆச்சி ஒரு துண்டுதான் தருவாள், அது கரைந்த பிறகும் கசப்பு அங்கேயேதான் இருக்கும்.