உயிலில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பங்கு: அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது?

"என் சொத்தில் பத்தில் ஒரு பங்கு, நான் படித்த பல்கலைக்கழகத்தில் ஏழை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் தங்கப் பதக்கம் வழங்கச் சேர வேண்டும்."

நல்ல மனதோடு எழுதிய வரி. படிக்கிற எவருக்கும் பொருள் விளங்கும். ஆனால் எழுதியவர் போன பிறகு இதைக் கையில் வைத்துக்கொண்டு பணத்தைப் பிரிக்க வேண்டியவருக்கு நாலு இடத்தில் இடிக்கும். "என் சொத்து" என்பது கடனும் வரியும் கழிவதற்கு முன்பா, பின்பா? "நான் படித்த பல்கலைக்கழகம்" எது: பாடம் நடந்த கல்லூரியா, பட்டம் கொடுத்த இடமா, மேற்படிப்புக்குப் போன இன்னொன்றா? ஏழை யார் என்று யார் முடிவு செய்வது? வரும் வட்டியில் தங்கம் வாங்க முடியாத ஆண்டில் என்ன செய்வது? வேறு எந்தப் பத்திரமாக இருந்தாலும் எழுதியவரிடமே கேட்டுவிடலாம். உயிலில் அது முடியாது.

பல்கலைக்கழகத்துக்கு உயில் வழியாகக் கொடுப்பதற்குச் சட்டம் கேட்பது அதிகமில்லை. பெரும்பாலும் சிக்கல் வருவது இந்த ஒரு வரியில்தான். அதற்கு முன் உயில் செல்லுமா என்பதைப் பார்த்துவிடலாம்.

உயில் நிற்க வேண்டும்

தெளிந்த புத்தியோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், எழுத்தில், கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் என்பதுதான் பல நாடுகளில் அடிப்படை. இந்தியாவில் உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்துவைத்தால் பின்னால் வரும் சண்டைகளில் கொஞ்சம் பலம்.

சாட்சி விஷயத்தில் மட்டும் கவனம். இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ உயிலில் எழுதிய கொடை செல்லாது. உயிலின் மற்ற பகுதி நிற்கும். பல்கலைக்கழக ஊழியர் சாட்சி போட்டால் பல்கலைக்கழகத்துக்கான கொடை தானாகச் செல்லாமல் போகாதுதான். ஆனாலும் அங்கிருந்து யாரையும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். உயிலை எழுதித் தரவும் விடாதீர்கள். "பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத வைத்துவிட்டார்கள்" என்று உறவினர் நீதிமன்றத்தில் சொல்ல அந்த ஒரு கையெழுத்து போதும்.

இந்தச் சந்தேகம் புதிதல்ல. சாவுப் படுக்கையில் தர்மம் எழுதுகிறவரைச் சட்டம் வெகுகாலமாகவே ஐயத்தோடு பார்த்திருக்கிறது. இங்கிலாந்தில் 1736இல் வந்த ஒரு சட்டம், அறக்கொடையாக நிலம் கொடுப்பதென்றால் சாவதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பே பத்திரம் முடித்திருக்க வேண்டும் என்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் அதில் விலக்கு! இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவும் அதே சாயலில் நெருங்கிய உறவு உள்ள கிறிஸ்தவர்களின் அறக்கொடை உயில்களைக் கட்டிப்போட்டிருந்தது. 2003இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று ரத்து செய்தது. இதற்கெல்லாம் முன், 1638இல் ஜான் ஹார்வர்டு தன் சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் புதிதாகத் தொடங்கிய கல்லூரிக்கு வாய்மொழியாகவே சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கல்லூரி அவர் பெயரையே வைத்துக்கொண்டது. இன்று அப்படி வாயால் சொல்லிவிட்டுப் போனால் அநேகமாக எதுவும் சேராது.

எவ்வளவு கொடுக்க உரிமை உண்டு

உங்கள் பணமே ஆனாலும் முழுவதையும் கொடுக்க எல்லா நாடுகளும் விடுவதில்லை. பிரான்சில் ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதியும், இரண்டு இருந்தால் மூன்றில் இரண்டு பங்கும், மூன்றோ மேலோ இருந்தால் முக்கால் பங்கும் பிள்ளைகளுக்கே ஒதுக்கம், மிச்சத்தில்தான் தர்மம். இஸ்லாமியச் சட்டப்படி கடனும் இறுதிச் செலவும் போக மூன்றில் ஒரு பங்குவரை உயில் எழுதலாம். அதற்கு மேல் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். இந்தியாவில் இந்துக்கள் சுயமாகச் சம்பாதித்ததையும் கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கையும் எழுதலாம். குடும்பத்தின் பங்கை எழுத முடியாது.

இங்கிலாந்தில் யாருக்கும் எழுதலாம், ஆனால் ஆதரவில்லாமல் விடப்பட்ட குடும்பத்தினர் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம். 2004இல் இறந்த ஒரு தாய், ஏறத்தாழ 4,86,000 பவுண்டு மதிப்புள்ள சொத்தின் பெரும்பகுதியை விலங்கு நலத் தொண்டு நிறுவனங்கள் மூன்றுக்கு எழுதிவிட்டார். பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத மகள் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் 50,000 பவுண்டு கொடுக்கச் சொன்னது, மேல்முறையீட்டில் தொகை ஏறியது, 2017இல் உச்ச நீதிமன்றம் மறுபடி 50,000க்கே கொண்டுவந்தது. தாய் இறந்து பதின்மூன்று ஆண்டுகள். குடும்பத்தில் யாரையாவது விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவதென்றால், ஏன் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி உயிலோடு வைப்பது இதனால்தான். உயிருடன் இருக்கும்போதே வீட்டில் சொல்லிவிடுவது அதைவிட நல்லது, கஷ்டமாக இருந்தாலும்.

தொகையா, பொருளா, பங்கா

மூன்று விதமாகக் கொடுக்கலாம். குறிப்பிட்ட தொகை எழுதுவது எளிது, ஆனால் தேயும்: ஆண்டுக்கு 6 விழுக்காடு விலைவாசி ஏறினால் 12 ஆண்டில் அதன் மதிப்பு பாதி. குறிப்பிட்ட பொருள் (இந்த வீடு, இந்தப் பங்குகள்) எழுதிவிட்டு இடையில் நீங்களே விற்றுவிட்டால், இங்கிலாந்து வழி வந்த சட்டங்களில் பொதுவாக அந்தக் கொடை அதோடு போயிற்று. விற்ற பணம் பின்னால் வராது.

மூன்றாவது, எல்லாம் போக மிஞ்சுவதில் இத்தனை விழுக்காடு என்பது. என்னைக் கேட்டால் சாதாரணக் குடும்பத்துக்கு இதுதான் சரி. சொத்து வளர்ந்தால் கொடையும் வளரும், சுருங்கினால் சுருங்கும். மருத்துவச் செலவில் எல்லாம் கரைந்துபோன நிலையிலும் பல்கலைக்கழகத்துக்கு முழுத் தொகை, பிள்ளைகளுக்கு வெறுங்கை என்ற விபரீதம் வராது. துணைவர் ஆயுள்வரை வீட்டில் இருந்துவிட்டு அதன்பின் பல்கலைக்கழகத்துக்கு என்றும் எழுதலாம்.

உயிலுக்கு வெளியே ஓடும் பணமும் உண்டு. கூட்டுப் பெயரில் உள்ள சொத்து பல இடங்களில் உயிரோடு இருப்பவருக்கே நேராகப் போய்விடும். அமெரிக்காவில் ஓய்வூதியக் கணக்குகள் உயிலைப் பார்ப்பதில்லை. கணக்கில் எழுதிய பெயருக்கே போகும். அங்கே ஒரு சூட்சுமம்: வழக்கமான ஓய்வூதியக் கணக்குப் பணத்தைப் பிள்ளை எடுத்தால் வருமான வரி, பல்கலைக்கழகம் எடுத்தால் இல்லை. அதனால் அந்தக் கணக்கைப் பல்கலைக்கழகத்துக்கும் வீட்டைப் பிள்ளைக்கும் வைப்பவர்கள் உண்டு.

வரி என்றதும் நினைவுக்கு வரும் இன்னொரு கணக்கு பிரிட்டனுடையது. அங்கே வரம்புக்கு மேலான சொத்துக்கு 40 விழுக்காடு வாரிசு வரி. அறக்கொடைக்கு வரி இல்லை. கடனும் அந்த வரம்பும் கழித்த நிகரச் சொத்தில் 10 விழுக்காடாவது அறத்துக்குப் போனால் மிச்சத்துக்கான வரியும் 36 ஆகக் குறையும். வரம்புக்கு மேல் 1,00,000 பவுண்டு இருக்கிறது என்று வையுங்கள். கொடை இல்லையென்றால் வரி 40,000, குடும்பத்துக்கு 60,000. 10,000 கொடுத்தால் மிச்சம் 90,000க்கு வரி 32,400, குடும்பத்துக்கு 57,600. பத்தாயிரம் கொடுத்ததில் குடும்பம் இழப்பது 2,400 மட்டும். இந்தியாவில் 1985இலேயே இறந்தவர் சொத்து வரியை எடுத்துவிட்டார்கள், அதனால் அங்கே இந்தக் கணக்குக்கே வேலையில்லை.

பெயரும் நோக்கமும்

நாம் வாயில் சொல்லும் பெயர் பெரும்பாலும் சட்டப் பெயர் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் சட்டத்தின் கண்ணில் "ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வேந்தர், முதுவர், மாணாக்கர்" என்ற பொருள்படும் நீண்ட பெயர் கொண்ட அமைப்பு. அதன் கல்லூரிகள் பெரும்பாலும் தனித்தனி நிறுவனங்கள், தனித்தனிக் கஜானா. ஹார்வர்டின் சட்டப் பெயர் "ஹார்வர்டு கல்லூரியின் தலைவரும் உறுப்பினர்களும்". நிறுவனங்கள் இணையவும் செய்யும்: மான்செஸ்டரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் 2004இல் ஒன்றாயின. பதிவாளர் அலுவலகத்துக்கோ நிதிப் பிரிவுக்கோ ஒரு கடிதம் போட்டால் சரியான பெயரையும், பல இடங்களில் உயிலில் எழுத வேண்டிய வாசகத்தையுமே அனுப்பிவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து இந்திய நிறுவனத்துக்குக் கொடுப்பதென்றால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அதற்குப் பதிவோ விலக்கோ இருக்கிறதா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

நோக்கம்தான் கடினமான பகுதி. ஒன்றும் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூ ஹாம்ப்ஷையர் பல்கலைக்கழகம் ஓர் உதாரணம். அங்கே நூலகத்தில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு சிக்கனமாக வாழ்ந்து வேலை பார்த்த ஒருவர் 2015இல் இறந்தபோது 40 லட்சம் டாலர் விட்டுப்போனார். நூலகத்துக்கு என்று அவர் குறித்தது ஒரு லட்சம்தான். மிச்சத்துக்கு நிபந்தனை இல்லை; அதில் பத்து லட்சத்தைப் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் வீடியோ ஸ்கோர்போர்டுக்கு ஒதுக்கியது. ஊரே சண்டைக்கு வந்தது. கடைசிக் காலத்தில் அவர் கால்பந்து விரும்பிப் பார்த்தார் என்றது பல்கலைக்கழகம். இருக்கலாம். கேட்க அவர் இல்லை.

இறுக்கிக் கட்டினால் எதிர்ப்பக்கம் விழும். டெக்சாஸின் ரைஸ் பல்கலைக்கழகம், வில்லியம் மார்ஷ் ரைஸ் 1891இல் எழுதிக்கொடுத்த ஆவணத்திலிருந்து பிறந்தது: வெள்ளையர்களுக்கு மட்டும், கட்டணம் இல்லாமல். எழுபது ஆண்டு கழித்து அந்த இரண்டு நிபந்தனைகளிலிருந்தும் விடுபட நிர்வாகமே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 1964இல்தான் வழி பிறந்தது. (அவர் உயிலின் கதை இன்னும் மோசம். 1900இல் ஒரு வழக்கறிஞரும் ரைஸின் வேலைக்காரரும் சேர்ந்து பொய் உயில் தயாரித்து அவரைக் கொன்றார்கள். காசோலையில் ஒரு பெயரின் எழுத்துப்பிழை வங்கிக்குச் சந்தேகம் கிளப்பியதில் பிடிபட்டார்கள்.) நிறைவேற்ற முடியாத கொடையை அதற்கு நெருக்கமான நோக்கத்துக்குத் திருப்பிவிடும் அதிகாரம் பல நாட்டு நீதிமன்றங்களுக்கு உண்டு. ஆனால் அதற்கு வழக்கு, வக்கீல், வருடங்கள்.

எனவே முதல் வரியை இப்படி மாற்றலாம்: "என் கடன்கள், இறுதிச் செலவு, வரிகள், மேலே சொன்ன கொடைகள் போக மிஞ்சுவதில் 10 விழுக்காட்டை இன்ன சட்டப் பெயரும் இன்ன முகவரியும் கொண்ட பல்கலைக்கழகத்துக்கு, பணவசதி குறைந்த மாணவர்களின் படிப்புக்கு உதவக் கொடுக்கிறேன். தகுதியைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யலாம். அந்த நோக்கம் நிறைவேற்ற முடியாமல் போனால் அதற்கு நெருக்கமான வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம். நிறுவனம் வேறொன்றோடு இணைந்திருந்தால் கொடை அதற்குச் சேரும். பல்கலைக்கழக நிதி அலுவலரின் ரசீது என் நிறைவேற்றாளருக்குப் போதும்." நீளம்தான். பதக்கம் போய்விட்டது என்று வருத்தப்படுபவர்கள், முதலைக் கரைக்காமல் வைத்துக்கொண்டு, நிதியின் மதிப்பில் ஆண்டுக்கு 4 அல்லது 5 விழுக்காடு மட்டும் செலவழிப்பதே பெரிய பல்கலைக்கழகங்களின் வழக்கம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். லட்ச ரூபாய் வைத்தால் ஆண்டுக்கு நாலைந்தாயிரம் ரூபாய். அதில் தங்கம் வாங்க முடியாது, ஒரு மாணவரின் தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிடலாம்.

நிறைவேற்றாளர், அதாவது எக்ஸிகியூட்டர், அசல் உயில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்தவராக இருக்கட்டும். பின்னால் மனம் மாறினால் தாராளமாக மாற்றலாம். சாகும்வரை உயில் உங்கள் கையில். ஆனால் பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதாதீர்கள். அடித்தது செல்லுமா, எழுதியது செல்லுமா என்று இரண்டு கேள்வி கிளம்பும். புதிதாக ஒரு உயிலோ, முறையான இணைப்பு உயிலோ எழுதி, மறுபடி இரண்டு சாட்சிகளைக் கூப்பிடுங்கள்.